முள் குத்திக்கொள்ளாத நீர்நாய்க் குட்டி

மருதமரங்கள் வரிசையாக நின்ற ஒரு காட்டாற்றின் கரையில், வேர்களுக்கு நடுவே இருந்த வளையில் இரண்டு நீர்நாய்கள் வசித்தன. ஆண் நீர்நாயின் பெயர் துடுப்பன். பெண் நீர்நாயின் பெயர் வஞ்சி. அவற்றுக்கு ஒரே ஒரு குட்டி. கண் திறந்த நாளிலிருந்து ஓயாமல் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருந்ததால், அதற்குச் சிமிட்டி என்று பெயர் வைத்தன.

போன வருடம் பிறந்த மூன்று குட்டிகளையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அதனால் வஞ்சிக்குச் சிமிட்டி மேல் உயிர். குட்டியின் மேல் ஒரு எறும்பு ஏறினால்கூடப் பொறுக்காது.

பனி விழத் தொடங்கிய ஒரு காலையில், முள்ளப்பன் என்ற முள்ளம்பன்றி ஆற்றங்கரைக்கு வந்தது. அந்தக் காட்டுக்கு அதுதான் வைத்தியர். ஒரு பெரிய பாறையின் மேல் ஏறி நின்று, உரக்கச் சொன்னது.

"எல்லோரும் கேளுங்கள்! மேற்கு மலையில் ஒரு புதுத் தும்மல் காய்ச்சல் பரவுகிறது. பெரியவர்களுக்கு அது நாலு நாள் சளி, அவ்வளவுதான். ஆனால் பால்குடிக் குட்டிகளுக்கு நெஞ்சைப் பிடித்துவிடுகிறது! நான் மருந்து கொண்டுவந்திருக்கிறேன். அந்தக் காய்ச்சலின் வீரியத்தை அடக்கிப் பச்சிலைச் சாற்றில் கலந்த மருந்து. என் முள்ளை அதில் தோய்த்து, குட்டியின் தொடையில் ஒரே ஒரு குத்து! பிறகு காய்ச்சல் வந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்யாது. மருந்து உடம்பில் ஊற இரண்டு வாரம் ஆகும். ஐந்து நாள் இந்தப் பாறையில்தான் இருப்பேன். தாமதிக்காதீர்கள்!"

துடுப்பன் வளைக்கு ஓடிவந்தது.

"வஞ்சி, கேட்டாயா? குட்டியைத் தூக்கிக்கொண்டு வா, போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிடலாம்!"

வஞ்சி குட்டியை இன்னும் இறுக அணைத்துக்கொண்டது. "தும்மல் காய்ச்சல் நமக்கு என்ன புதிதா? வருடாவருடம் வருகிறதுதானே!"

"இது வேறு காய்ச்சலாம். வைத்தியர் சொல்கிறார்."

"காய்ச்சலும் புதிது, மருந்தும் புதிது. இத்தனை சின்ன உடம்பில் அதைக் குத்தி ஏதாவது ஆகிவிட்டால்? நானே போய் விசாரித்துவிட்டு வருகிறேன். அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்."

மறுநாள் வஞ்சி பாறைக்குப் போனது. அங்கே பெரிய கூட்டம். முயல்களும் கீரிகளும் மான்களும் குட்டிகளோடு காத்து நின்றன. முள்ளப்பன் விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதன் முதுகில் முள் பிடுங்கிய இடமெல்லாம் புண்ணாகியிருந்தது.

"வைத்தியரே," என்றது வஞ்சி. "இந்த மருந்தால் குட்டிக்குக் கெடுதல் ஒன்றும் வராதே?"

"ஒரு நாள் உடம்பு சுடும். பிறகு சரியாகிவிடும். குட்டி எங்கே?"

"கொண்டுவரவில்லை. எத்தனை குட்டிகளுக்கு இதுவரை போட்டிருக்கிறீர்கள்? அவை எல்லாம் நன்றாக இருக்கின்றனவா? என் குட்டி கொஞ்சம் மெலிந்த உடம்பு..."

முள்ளப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. "இங்கே நிற்பவர்கள் எல்லாம் இப்படியா கேள்வி கேட்கிறார்கள்? போடுவதென்றால் குட்டியைக் கொண்டு வா! இல்லாவிட்டால் வழியை விடு! பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள், பார்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வஞ்சிக்கு முகம் வாடிவிட்டது. வளைக்குத் திரும்பிவிட்டது.

மூன்றாம் நாள், கிச்சிலி என்ற மீன்கொத்தி வளைக்கு மேலே இருந்த கிளையில் வந்து உட்கார்ந்தது. ஆற்றின் மேலும் கீழும் பறந்து, பார்த்ததை எல்லாம் சொல்வது அதன் வழக்கம்.

"வஞ்சி அக்கா! விஷயம் தெரியுமா? வளைவுத் துறையில் இருக்கிறாளே ஆம்பல், அவள் குட்டிக்கு நேற்று முள் குத்தினார்கள். இன்று காலையில் பார்த்தேன். குட்டி சுருண்டு படுத்திருக்கிறது. பால்கூடக் குடிக்கவில்லை. உடம்பு நெருப்பாய்ச் சுடுகிறதாம்!"

"ஐயோ! நிஜமாகவா?"

"என் கண்ணால் பார்த்தேன் அக்கா!"

கிச்சிலி சொன்னதில் பொய் இல்லை. ஆம்பலின் குட்டி துளிர் அன்று சுருண்டு படுத்திருந்தது உண்மை. அடுத்த நாள் காலையிலேயே அது எழுந்து பால் குடித்துவிட்டு, அம்மாவின் வாலைக் கடித்து விளையாடியதும் உண்மை. அதையும் கிச்சிலி பார்த்தது. ஆனால் ஒரு குட்டி நன்றாக இருப்பதைப் போய் யாரிடம் சொல்வது? அது என்ன பெரிய செய்தியா என்று நினைத்து, அப்படியே பறந்துபோய்விட்டது.

நான்காம் நாள் துடுப்பன் மறுபடியும் கேட்டது.

"இன்னும் என்ன யோசனை, வஞ்சி? பயமாக இருந்தால் நான் தூக்கிக்கொண்டு போகிறேன்."

"வேண்டாங்க!" என்றது வஞ்சி. "காய்ச்சல் வந்து குட்டிக்கு ஏதாவது ஆனால், அது காய்ச்சல் செய்தது. முள்ளைக் குத்தி ஏதாவது ஆனால், அது நான் செய்தது. மூன்றைப் பறிகொடுத்துவிட்டேன். நாலாவதை என் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்கிறீர்களா?"

துடுப்பனுக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் வஞ்சியின் கண்கள் கலங்கியதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது.

"சரி. உன் இஷ்டம்," என்றது.

"நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. மற்றக் குட்டிகளுக்கு எப்படி இருக்கிறது என்று கொஞ்ச நாள் பார்ப்போம். வைத்தியர் அடுத்த முறை வரும்போது போட்டுக்கொள்ளலாம். அதுவரை சிமிட்டியை வளையை விட்டு வெளியே விடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்!"

ஐந்தாம் நாள் மாலையில் முள்ளப்பன் பாறையை விட்டு இறங்கி, அடுத்த காட்டுக்குப் போய்விட்டது.

வஞ்சி சொன்னபடியே செய்தது. யாரையும் வளைக்குள் விடவில்லை. தானும் வெளியே போகவில்லை. ஆனால் மூன்று வயிறு நிறைய வேண்டுமே! துடுப்பன் தினமும் மீன் பிடிக்கப் போனது. மீன் துறைக்கு எல்லா நீர்நாய்களும்தான் வரும். மூன்றாவது வாரம் அங்கே இரண்டு பேர் தும்மினார்கள். நாலு நாள் கழித்துத் துடுப்பன் வளைக்குள் வந்து, மீனைக் கீழே வைத்துவிட்டு ஒரு தும்மல் போட்டது.

வஞ்சி திடுக்கிட்டு நிமிர்ந்தது.

"தண்ணீர் சில்லென்று இருந்தது. வேறொன்றும் இல்லை," என்றது துடுப்பன்.

இரண்டே நாளில் சிமிட்டியின் உடம்பு கொதித்தது. மூக்கு அடைத்துக்கொண்டது. பால் குடிக்க வாய் வைக்கும், மூச்சு முட்டி விட்டுவிடும். அதன் சின்ன விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன.

துடுப்பன் அடுத்த காட்டுக்கு ஓடியது. முள்ளப்பனை அழைத்துக்கொண்டு வந்தது. வைத்தியரைப் பார்த்ததும் வஞ்சி குட்டியைத் தூக்கி அதன் முன்னால் வைத்தது.

"குத்துங்கள் வைத்தியரே! எத்தனை முள் வேண்டுமானாலும் குத்துங்கள்! இப்போதே குத்துங்கள்!"

முள்ளப்பன் குட்டியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டது. பிறகு மெல்லச் சொன்னது.

"வஞ்சி, அது காய்ச்சல் வருவதற்கு முன்னால் போட வேண்டிய மருந்து. இப்போது போட்டுப் பயன் இல்லை. இப்போது நாம் இந்த மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெந்நீரும் நொச்சி இலையும் கொண்டுவாருங்கள்."

முள்ளப்பன் ஒன்பது நாள் அந்த வளையை விட்டு நகரவில்லை. குட்டிக்கு நொச்சி ஆவி காட்டியது. குட்டியை நிமிர்த்தி வைத்து முதுகைத் தட்டிச் சளியை எடுத்தது. துடுப்பன் இலை பறித்து வந்து போட்டது. வஞ்சி துளித் துளியாகப் பாலைப் பீச்சிக் குட்டியின் நாக்கில் விட்டது.

ஒரு நாள் மதியம், குட்டி கொஞ்சம் அயர்ந்து தூங்கியபோது முள்ளப்பன் பேசியது.

"அன்றைக்கு நீ கேட்டது நியாயமான கேள்வி. முந்நூறு குட்டிகளுக்கு மேல் போட்டிருந்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? முதுகு வலியில் உன்மேல் எரிந்து விழுந்துவிட்டேன்."

"நான் மறுநாளும் வந்து கேட்டிருக்கலாம் வைத்தியரே," என்றது வஞ்சி.

"என் மனத்தில் இருந்ததை நானும் வாய் திறந்து சொல்லியிருக்கலாம்," என்றது துடுப்பன்.

வாசலுக்கு வெளியே கிளையில் உட்கார்ந்திருந்த கிச்சிலி இதையெல்லாம் கேட்டது. "அக்கா, ஆம்பலின் குட்டி மறுநாளே எழுந்து விளையாடியது. நான் பார்த்தேன். உன்னிடம் வந்து சொல்லவில்லை," என்றது. வஞ்சி அதைக் கோபிக்கவில்லை. கோபிக்க அதனிடம் தெம்பு இல்லை.

பத்தாம் நாள் சிமிட்டியின் உடம்பு குளிர்ந்தது. கண்ணைத் திறந்து சிமிட்டியது. பாலுக்கு வாயைத் திறந்தது. வஞ்சியும் துடுப்பனும் அழுதுகொண்டே சிரித்தன.

"பிழைத்துவிட்டது," என்றது முள்ளப்பன். ஆனால் அது சிரிக்கவில்லை. குட்டியின் நெஞ்சில் மறுபடியும் காதை வைத்து வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அது ஏன் என்று கோடைக்காலத்தில்தான் தெரிந்தது.

கோடையில் ஆறு தெளிந்தது. குட்டிகள் எல்லாம் முக்குளிக்கப் பழகும் காலம் அது. ஆம்பலின் குட்டி துளிர் ஒரே பாய்ச்சலில் தண்ணீருக்குள் போய், அக்கரையில் தலையைத் தூக்கும். வாயில் ஒரு மீன் துடிக்கும். சிமிட்டியும் ஆசையோடு குதித்தது. ஆனால் தலை உள்ளே போன வேகத்தில் மேலே வந்துவிட்டது. இருமி இருமி அதன் கண்கள் சிவந்தன.

"இன்னொரு தடவை!" என்றது சிமிட்டி. மறுபடியும் அப்படியே ஆயிற்று. பத்து நாள், இருபது நாள் விடாமல் முயன்றது. மூச்சை அடக்க முடியவில்லை. காய்ச்சல் போகிற போக்கில் அதன் நெஞ்சில் பாதியைத் தின்றுவிட்டுப் போயிருந்தது.

நீர்நாயாகப் பிறந்து முக்குளிக்க முடியாவிட்டால், பிறகு என்ன இருக்கிறது? சிமிட்டி கணுக்கால் அளவுத் தண்ணீரில் உட்கார்ந்து நண்டு தேடித் தின்றது. மற்றக் குட்டிகள் ஆழத்தில் ஒன்றையொன்று துரத்தி விளையாடும்போது, தண்ணீரின் மேலே வரும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும். துளிர் சில நாள் ஒரு மீனைக் கொண்டுவந்து அதன் முன்னால் போட்டுவிட்டுப் போகும்.

ஒரு நாள் சிமிட்டி கேட்டது. "அம்மா, துளிருக்கு வந்த மூச்சு எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?"

வஞ்சி ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லவில்லை.

"நீ பால்குடியாக இருந்தபோது உனக்கு ஒரு காய்ச்சல் வந்தது, கண்ணே. அதிலிருந்து காக்க வைத்தியர் ஒரு முள் குத்தினார். துளிருக்குக் குத்தினார்கள். உனக்கு நான் வேண்டாம் என்று தள்ளிப்போட்டுவிட்டேன். பயமாக இருந்தது."

"அந்த முள் ரொம்ப வலிக்குமா அம்மா?"

"இல்லை. ஒரு நொடி வலிக்கும். ஒரு நாள் உடம்பு சுடும்."

சிமிட்டி யோசித்தது.

"அவ்வளவுதானா?" என்றது.

குட்டி கோபமாகக் கேட்கவில்லை. குறை சொல்லவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. வஞ்சி குட்டியின் தலையை நக்கிக் கொடுத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தது.

அடுத்த பனிக்காலத்தில் முள்ளப்பன் மறுபடியும் ஆற்றங்கரைக்கு வந்தது. இந்த முறை, குட்டியோடு வந்த ஒவ்வொரு தாயையும் உட்காரவைத்து, கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னது. வஞ்சி முதல் ஆளாகச் சிமிட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து, அந்த நெஞ்சு இன்னொரு காய்ச்சலைத் தாங்காது என்று முள் குத்தவைத்தது.

கூட்டத்தின் கடைசியில் ஒரு கீரித் தாய் பிறந்த குட்டியைக் கவ்விக்கொண்டு நின்றது. சற்று நேரம் பார்த்துவிட்டு, குட்டியைக் கீழே வைத்து, "அப்புறம் வருகிறேன்," என்று முணுமுணுத்தது. மீண்டும் குட்டியைக் கவ்விக்கொண்டு திரும்பியது.

வஞ்சி ஓடிப்போய் வழியை மறித்தது.

"உன் பயம் எனக்குத் தெரியும், அம்மா. சந்தேகம் இருந்தால் வைத்தியரிடம் கேள். பதில் வரும்வரை கேள். ஆனால் அப்புறம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதே! நானும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனேன்."

கீரி வஞ்சியைப் பார்த்தது. அதன் பக்கத்தில், நாலு அடி ஓடிவந்ததற்கே மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற சிமிட்டியைப் பார்த்தது. பிறகு வரிசைக்குத் திரும்பியது.

வீடு திரும்பும்போது துளிரும் மற்றக் குட்டிகளும் ஆற்றில் குதித்து நீந்திப் போயின. வஞ்சி தண்ணீரில் இறங்கவில்லை. சிமிட்டியின் நடைக்குத் தக்கபடி, நின்று நின்று, கரையோரமாகவே நடந்து வந்தது.

நன்றாக விசாரித்து முடிவெடுப்பது நல்லதுதான், ஆனால் பயத்தால் முடிவைத் தள்ளிப்போடுவதும் ஒரு முடிவே. அதன் பலனை நாம் மட்டும் அல்ல, நம்மை நம்பி இருப்பவர்களும் சுமக்க நேரும்.