நாற்பத்தோரு பந்தும் இரண்டு மட்டையும்

தலையாட்டிப்பட்டி எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பயனில்லை. "இங்கதானுங்க இருக்குது" என்பார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை பெயராது. கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டதால் நாமும் கோபித்துக்கொள்ள முடியாது. கறிவேப்பிலை வாங்கி வா என்று அனுப்பினால் வாங்கி வந்து கையிலேயே வைத்துக்கொண்டு நிற்பார்கள். கொடு என்று யாரும் சொல்லவில்லையே.

அந்த ஊரில் பம்புசெட் மோட்டார் பழுது பார்க்கும் பொன்னுரங்கத்துக்கு வயது முப்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஏழு வீடுகளில் பெண் பார்த்து ஏழு வீட்டு பஜ்ஜியும் தின்றாகிவிட்டது. ஏழு வீட்டிலும் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எட்டாவது வீட்டுப் பெண் மரகதம், தாலுகா ஆபீஸில் வேலை பார்ப்பவள். அவள் மட்டும் அவனை நிமிர்ந்து பார்த்து, "எங்க மோட்டார் ஒரு வாரமா உறுமுது. பேரிங் போச்சுங்களா?" என்று கேட்டாள். பெண் பார்க்கப் போன இடத்தில் தனக்குப் பதில் தெரிந்த கேள்வியை ஒருத்தி கேட்டது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பொன்னுரங்கம் அந்த இடத்திலேயே மனதைப் பறிகொடுத்துவிட்டான்.

பெண்ணின் அப்பா அர்த்தனாரி, ஓய்வு பெற்ற பி.டி. வாத்தியார். வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக டென்னிஸ் மைதானமே போட்டு வைத்திருந்தவர். ஜாதகத்தை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு டென்னிஸ் மட்டை பார்த்து எடுத்துட்டு வாங்க மாப்ளே. ஆடத் தெரியாட்டிப் பரவால்ல. ஏன் இந்த மட்டையை எடுத்தேன்னு எனக்குக் காரணம் சொல்லணும். ஒரு மட்டையைச் சோதிச்சு எடுக்கத் தெரியாதவனுக்கு நான் பொண்ணு குடுக்கறதா இல்ல."

பொன்னுரங்கம் ஊருக்கு வந்து நண்பர்களைக் கூட்டினான். நண்பர்கள் மூன்று பேர். பால் சொசைட்டியில் எழுத்து வேலை பார்க்கும் செங்கோடன் எல்லோருக்கும் மூத்தவர். எப்போதும் கையில் ஒரு நோட்டு வைத்திருப்பதால் அறிவாளி என்று ஊரில் பெயர். அடுத்தவன் குப்பண்ணன், மாட்டு வியாபாரி. மூன்றாவது நாச்சிமுத்து. அவனுக்குத் தொழில் என்று எதுவும் இல்லை, எதற்கெடுத்தாலும் தும்முவான்.

நான்கு பேரும் டவுனில் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இரண்டு மட்டைகளை எடுத்து வைத்தார். ஒன்று நீலம், இன்னொன்று மஞ்சள். குப்பண்ணன் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"இதோட தாய் இருந்தா கொஞ்சம் காட்டுங்க."

"எதோட தாய்?"

"மட்டையோட தாய்தானுங்க. கன்னு வாங்கறதுன்னா நாங்க தாயைப் பார்க்காம வாங்க மாட்டோம்."

கடைக்காரர் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்திருக்க வேண்டும். மட்டைக்குத் தாய் கிடையாது என்று பொறுமையாக விளக்கினார். "ஐயோ பாவம்" என்று நாச்சிமுத்து சொன்னான்.

பிறகு கடைக்காரர் கைப்பிடியைச் சோதிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தார். மட்டையைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கைக்கும் விரல் நுனிக்கும் நடுவில் ஒரு விரலை நுழைத்துப் பார்க்க வேண்டும். சரியாக நுழைந்தால் பிடி அளவு சரி. யாருடைய விரல் என்று அவர் சொல்லவில்லை. எனவே பொன்னுரங்கம் பிடித்தான், குப்பண்ணன் நுழைத்தான். விரல் கச்சிதமாக நுழைந்தது. வெளியே எடுக்கும்படியும் அவர் சொல்லவில்லை என்பதால், இருவரும் அப்படியே பஸ் ஏறி ஊர் வந்து சேர்ந்தார்கள்.

கடையை விட்டுக் கிளம்பும்போது கடைக்காரர் சொன்ன கடைசி வார்த்தைகளைச் செங்கோடன் நோட்டில் எழுதிக்கொண்டார். "ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. முதல்ல நீலத்துல அரை மணி நேரம் ஆடுங்க. அப்புறம் மஞ்சள்ல அரை மணி நேரம். மட்டையை மட்டும்தான் மாத்தணும், மத்த எதையும் மாத்தக் கூடாது. அப்பத்தான் எது நல்லதுன்னு தெரியும்."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஊர்க் களத்தில் நீல மட்டையின் சோதனை தொடங்கியது. குப்பண்ணன் பந்தை எறிந்தான். பொன்னுரங்கம் வீசினான். பந்து ஒரு பக்கம் போனது, மட்டை ஒரு பக்கம் போனது. அரை மணி நேரத்தில் நாற்பத்தோரு பந்து வந்தது. ஒன்றுகூட மட்டையில் படவில்லை. களத்தின் ஓரத்தில் மிளகாய் காயப் போட்டிருந்த ராசம்மாள் அக்கா, பந்து ஒன்று மிளகாயில் விழுந்ததும் வாய்க்கு வந்தபடி திட்டினார். கொம்பு ஒடிந்த கறுப்பு ஆடு ஒன்று கிழக்கேயிருந்து மேற்கே களத்தைக் கடந்து போனது. நாச்சிமுத்து மூன்று முறை தும்மினான். எல்லாவற்றையும் செங்கோடன் நேரம் போட்டு எழுதிக்கொண்டார்.

"இனி மஞ்சளை எடு" என்றான் குப்பண்ணன்.

செங்கோடன் கையை உயர்த்தித் தடுத்தார். "அவசரப்படாதே. மத்த எதையும் மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. அண்ணாந்து பாரு. சூரியன் நகர்ந்து போச்சு."

நான்கு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். சூரியன் நகர்ந்துதான் இருந்தது. அதைப் பழைய இடத்துக்குத் தள்ள வழியில்லாததால் மறுநாள் பத்து மணிவரை காத்திருக்க முடிவாயிற்று.

செவ்வாய்க்கிழமை பொன்னுரங்கம் முதல் நாள் குடித்த அதே கம்பங்கூழைக் குடித்து, அதே வியர்வைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். ஆனால் ஆடு வரவில்லை. விசாரித்தால், விடியற்காலையிலேயே அதைச் சந்தைக்கு ஓட்டிப் போய்விட்டார்களாம்.

"வேற ஆடு கொண்டாரலாமா?" என்று பொன்னுரங்கம் கேட்டான்.

"வேற ஆடுன்னா அது மாத்தின மாதிரிதானே?" என்றார் செங்கோடன்.

"ஆடே இல்லாட்டியும் மாத்தின மாதிரிதானே?"

இப்படி ஒரு சிக்கல் வரும் என்று கடைக்காரர் சொல்லித் தரவில்லை. வெகுநேரம் யோசித்து, நாச்சிமுத்து கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிழக்கேயிருந்து மேற்கே நாலு காலில் நடப்பது என்று தீர்மானித்தார்கள். எப்படியும் அவன் தும்ம வேண்டியவன். நடந்துகொண்டே தும்மிவிட்டால் இரண்டு வேலையும் ஆயிற்று.

அடுத்து ராசம்மாள் அக்கா. அவர் அன்றைக்கு மகளிடமிருந்து போன் வந்த சந்தோஷத்தில் இருந்தார். செங்கோடன் போய்ப் பணிவாகக் கேட்டார்.

"அக்கா, நேத்துத் திட்டினீங்களே, அதை இன்னொருக்கா திட்டணும்."

"நேத்துக் கோவம் வந்துது, திட்டினேன். இன்னைக்கு வரலையே சாமி."

"நீங்க சும்மா சொன்னாப் போதும். நான் எழுதி வச்சிருக்கறேன். 'வெளங்காதவனுகளா'ன்னு நாலு தடவை, 'எடுபட்ட பயலுகளா'ன்னு ரெண்டு தடவை."

அக்கா பதில் சொல்வதற்குள் கறுப்பாக ஏதோ ஒன்று மிளகாய்ப் பக்கம் நாலு காலில் தும்மிக்கொண்டே வருவதைப் பார்த்துவிட்டார். பேயோ கரடியோ தெரியவில்லை. கையில் கிடைத்த விளக்குமாற்றை எடுத்து ஆட்டின் முதுகில் ஒன்பது அடி போட்டார். கூடவே கோபமும் வந்துவிட்டதால் அழகாகத் திட்டினார்.

"அக்கா, 'வெளங்காதவனுகளா' ஏழு தடவை ஆயிப்போச்சு. மூணு அதிகம்" என்று செங்கோடன் நோட்டைப் பார்த்துத் திருத்தினார். அவருக்கும் இரண்டு அடி விழுந்தது.

மஞ்சள் மட்டைக்கும் நாற்பத்தோரு பந்து. ஒன்றுகூடப் படவில்லை. ஆனால் நீல மட்டைக்கு விளக்குமாறு இல்லை என்று நாச்சிமுத்துவே முதுகைத் தடவியபடி எடுத்துச் சொன்னான். நியாயமாகப் பேசினான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். புதன்கிழமை நீலத்துக்கும் விளக்குமாறு நடந்தது. அன்றைக்கு அடி பதிமூன்றாகிவிட்டது. வியாழக்கிழமை மஞ்சளுக்கும் பதிமூன்று விழ வேண்டும். அக்காவுக்குக் கை பழகிவிட்டதால் அது பதினாறில் போய் நின்றது. சனிக்கிழமை சாயங்காலம் பொன்னுரங்கம் களத்தில் உட்கார்ந்து அழுதேவிட்டான். நாளைக்குக் காரணம் சொல்ல வேண்டும். எந்த மட்டை நல்லது என்று அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எட்டாவது வீடும் போனால் அவன் எங்கே போவான்? மரகதத்தின் மோட்டார் அதற்குப் பிறகு உறுமியதா இல்லையா என்றுகூட அவனுக்குத் தெரிய வராது.

ஞாயிற்றுக்கிழமை கைக்கொன்றாக இரண்டு மட்டைகளையும் பிடித்துக்கொண்டு அர்த்தனாரி வீட்டுக் கூடத்தில் போய் நின்றான். கூட வந்த மூவரும் பின்னால் நின்றார்கள்.

"எதை எடுத்தீங்க?" என்று அர்த்தனாரி கேட்டார்.

பொய் சொல்ல அவனுக்கு வராது. "ரெண்டும் ஒண்ணுதானுங்க மாமா. ரெண்டுலயும் நாப்பத்தோரு பந்தும் படலீங்க."

அர்த்தனாரியின் முகம் சுருங்கியது. எப்படிச் சோதித்தீர்கள் என்று கேட்டார். செங்கோடன் நோட்டைப் பிரித்து, கம்பங்கூழ் முதல் விளக்குமாறு வரை ஒன்று விடாமல் வாசித்தார். வாசித்து முடித்தபோது வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தாறு வருஷம் சர்வீஸ்ல இருந்தேன்" என்றார். "இடது பக்கம் திரும்புன்னா பாதிப்பேரு வலது பக்கம் திரும்புவான். சொன்னதைச் சொன்னபடி செஞ்ச ஒருத்தனை இன்னைக்குத்தான் பார்க்கறேன். பொண்ணு உங்களுக்குத்தான் மாப்ளே. மரகதம், நீ என்னம்மா சொல்ற?"

"எனக்குச் சம்மதந்தானுங்கப்பா" என்றாள் மரகதம். பொன்னுரங்கத்துக்குக் காதுக்குள் நாதஸ்வரமே கேட்டது. அந்த நேரம் பார்த்துச் செங்கோடன் தொண்டையைச் செருமினார்.

"ஒரு சந்தேகமுங்க. மட்டையே ரெண்டு பார்த்துத்தான் சோதிச்சோம். அம்மிணி மாப்பிள்ளை ஒண்ணே ஒண்ணுதானே பார்த்திருக்குது? இவன் நல்லவன்னு எதை வச்சுச் சொல்றது?"

பொன்னுரங்கம் யோசித்தான். அவன் நேர்மையானவன். செங்கோடன் சொன்னதில் ஒரு தப்பும் இருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை.

"அண்ணன் சொல்றது சரிதானுங்க" என்றான் அழமாட்டாத குறையாக. "இன்னொரு மாப்பிள்ளையைக் கொண்டாந்து நிறுத்தலாம். மத்த எதையும் மாத்தக் கூடாது, அதனால என்னோட சட்டையை அவருக்குக் குடுத்துடறேன்." இரண்டு கையிலும் மட்டை இருந்ததால் குப்பண்ணன் முன்வந்து அவன் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான். நாச்சிமுத்து மாப்பிள்ளை தேடி வாசலுக்கு நடந்தான்.

தாலுகா ஆபீஸில் தினமும் நூறு பேரைச் சமாளிக்கிற மரகதத்துக்கு இவர்களைக் கையாளும் வழி அதற்குள் பிடிபட்டுவிட்டது. "எல்லாரும் அப்படியே நில்லுங்க" என்றாள். "கல்யாணம் முடியற வரைக்கும் யாரும் எதையும் மாத்தக் கூடாது."

நின்றார்கள்.

அடுத்த முகூர்த்தம் புதன்கிழமை. அதுவரைக்கும் பொன்னுரங்கம் கூடத்தின் நடுவில் கைக்கொரு மட்டையுடன் நின்றான். குப்பண்ணன் மூன்றாவது பொத்தானில் கை வைத்தபடி நின்றான். நாச்சிமுத்து ஒரு காலை வாசற்படிக்கு வெளியே வைத்து நின்றான். செங்கோடன் பிரித்த நோட்டுடன் நின்றார். சாப்பாட்டை மாமியார் ஊட்டிவிட்டார். மற்ற அவசரங்களுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். அதற்கு மரகதம் தனியாக உத்தரவு கொடுத்திருந்தாள். பொன்னுரங்கமும் குப்பண்ணனும் பொத்தானை விடாமல் சேர்ந்தே போய் வந்தார்கள்.

மணவறையைக் கூடத்துக்குள்ளேயே கொண்டுவந்து ஜோடித்தார்கள். கல்யாணத்தை நடத்திவைக்க வந்த அருமைக்காரர் மாப்பிள்ளையிடம் தாலியை நீட்டினார். வாங்கக் கை இல்லை. மட்டையைக் கீழே வைக்கச் சொன்னார். கல்யாணம் இன்னும் முடியவில்லை என்று பொன்னுரங்கம் பணிவாக மறுத்துவிட்டான். வேறு வழியில்லாமல் தாலிக்கயிற்றின் ஒரு முனையை நீல மட்டையிலும் மறு முனையை மஞ்சள் மட்டையிலும் தொங்கவிட்டார்கள். இரண்டு மட்டைகளையும் மரகதத்தின் தோளுக்கு மேலே நீட்டினான். நீலத்திலிருந்து கயிறு மூன்று முறை வழுக்கி விழுந்தது. மஞ்சளில் கடைசிவரை நின்றது. பொன்னுரங்கத்தின் அக்கா பின்னாலிருந்து மூன்று முடிச்சையும் போட்டு முடித்தாள்.

பொன்னுரங்கத்தின் முகம் மலர்ந்தது. "மாமா, காரணம் கெடைச்சிருச்சுங்க. மஞ்சள்தான் ஒசத்தி" என்றான். அர்த்தனாரி பெருமையோடு தலையாட்டினார்.

"அதெப்படி?" என்றார் செங்கோடன், நோட்டைப் புரட்டியபடி. "நீலம் வலது கையில இருந்துது, மஞ்சள் இடது கையில இருந்துது. மட்டையை மாத்திப் பிடிச்சு இன்னொருக்கா தாலி கட்டினாத்தானே நெசம் தெரியும்? வேற எதையும் மாத்த வேண்டாம். அதே மாப்பிள்ளை, அதே பொண்ணு. அம்மிணி, அந்தத் தாலியைக் கொஞ்சம் கழட்டிக் குடு."

மரகதம் மஞ்சள் மட்டையைப் பொன்னுரங்கத்தின் கையிலிருந்து பிடுங்கினாள். கூடம் முழுக்கக் கேட்கும்படி செங்கோடனின் முதுகில் ஒன்று வைத்தாள்.

செங்கோடன் அசையவில்லை. கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு மறுபடியும் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றார்.

"இப்ப நீலத்துல ஒண்ணு போடு அம்மிணி. அதே இடத்துல, அதே வேகத்துல."