வட்டில் நடுவே உள்ளான் கொத்திய வளையம்

பறவைக்கும் மனிதனுக்கும் பேச்சுவார்த்தை இருந்த அந்தக் காலத்தில், ஆறு கடலோடு சேரும் ஒரு துறையில் குவிரன் என்றொரு குயவன் இருந்தான். கை பொன்னான கை. வாய்தான் கொஞ்சம் பொல்லாதது. உறவென்று சொல்ல அவனுக்குத் தம்பி அந்துவன் ஒருவன்தான். தாய் தகப்பன் போன வீட்டில் அண்ணனே சோறு ஊட்டி வளர்த்த பிள்ளை. அந்தப் பிள்ளையோ மண்ணைத் தொடமாட்டேன் என்று கப்பலேறிவிட்டான். மேற்கிலிருந்து கச்சான் காற்றடித்தால் கிழக்கே தீவுகளுக்குப் போவான், வாடைக் காற்றில் திரும்புவான். குவிரன் செய்த வட்டில்களும் அதே கப்பலில் போகும்.

வட்டில் என்பது சோறு போட்டுச் சாப்பிடுகிற அகன்ற தட்டு. குவிரன் செய்தது வழுவழுவென்று முகம் தெரிகிற மாதிரி இருக்கும். ஒரு கீறல் விழுந்தாலும் பிசைந்து மறுபடி மண்ணாக்கிவிடுவான். அவ்வளவு வீம்பு.

ஒரு வருஷம் கச்சான் தொடங்குகிற நேரம். குவிரன் ஒரு வட்டிலை முடித்துவிட்டு, சக்கரத்தை ஓடவிட்டபடியே தண்ணீர் குடிக்கப் போனான். அந்த இடைவெளியில் ஒரு உள்ளான் குருவி ஈர மண்ணைப் பார்த்து ஆற்றுச் சேறு என்று நினைத்து வட்டில் நடுவில் இறங்கிவிட்டது. காலடியில் தரை சுற்றுகிறது. விழாமல் இருக்க எதிர்ப்பக்கமாக ஓடியது. ஓடிக்கொண்டே புழு தேடிக் கொத்தியது. பசி வந்தால் யாருக்கு யோசனை ஓடும்? கால் பதிகிற அளவுக்கு அதற்கு எடை இல்லை. அலகு மட்டும் பொட்டுப் பொட்டாகப் பதிந்து, வட்டில் நடுவே வளையம் வளையமாக நின்றது.

"யாரது என் சக்கரத்துல?" என்று ஓடி வந்தான் குவிரன்.

"சேறுன்னு நெனச்சு எறங்கிட்டேன் ஐயா. தரை சுத்துது, நான் என்ன பண்ணுவேன்?" என்றது உள்ளான்.

குவிரன் வட்டிலைக் கசக்கக் கையை ஓங்கினான். கப்பல் புறப்படும் நாளைச் சொல்ல வந்த அந்துவன் அந்தக் கையைப் பிடித்தான்.

"அண்ணே, பொறு. எவ்வளவு அழகா இருக்கு பாரு."

"குருவி கொத்துன வட்டில்ல எவன்டா சோறு திம்பான்?"

"நான் திம்பேன். எனக்குச் சுட்டுக் கொடு."

ஊரையே எதிர்த்துப் பேசுவான் குவிரன். தம்பி கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்ல வராது. ஓங்கிய கையை இறக்கினான்.

அந்துவன் கப்பலில் கொண்டுபோன அந்த வட்டிலைத் தீவுக்காரர்கள் கையிலிருந்து கைக்கு மாற்றிப் பார்த்தார்களாம். இதே மாதிரி நாற்பது வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். குவிரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே உள்ளானைக் கூப்பிட்டு, களிமண் வெட்டிய குழியிலிருந்து புழு பொறுக்கிப் போட்டு, நாற்பது வட்டிலுக்கும் வளையம் போட வைத்தான். அடுத்த கச்சானில் அவை போய்ச் சேர்ந்தன. அதற்கடுத்த கச்சானில் அந்துவனோடு புறப்பட்ட கப்பல் திரும்பவில்லை.

ஒரு வாடை போயிற்று. இரண்டாவதும் போயிற்று. குவிரன் சக்கரத்தைத் தொடவே இல்லை. கரையில் நின்று வருகிற பாயெல்லாம் எண்ணினான். உள்ளான் மட்டும் பக்கத்தில் வந்து நிற்கும்.

மூன்றாவது வாடையில், அந்தத் துறை அதுவரை பார்க்காத வடிவத்தில் ஒரு படகு வந்தது. தீவுக்காரர்களின் படகு. அதிலிருந்து இளைத்துக் கறுத்து இறங்கியவன் அந்துவன். குவிரன் அவன் முகத்தையும் தோளையும் தடவிப் பார்த்தான். அழுதுவிட்டான்.

"கப்பல் ஒடஞ்சு ஒரு தீவுல ஒதுங்குனேன், அண்ணே," என்றான் அந்துவன். "நமக்குப் பழக்கமான ஊர் இல்ல. கொள்ளைக்காரன்னு நெனச்சுக் கட்டிப் போட்டாங்க. அவங்க பாஷை எனக்கு வராது, என் பாஷை அவங்களுக்குப் புரியாது. கடலைக் காட்டிக் காட்டிப் பேசுனதுல, கடல்ல தள்ளிடுவாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. கட்டுன கையால ஈர மண்ணைத் தட்டையாத் தட்டி, நகத்தால நடுவுல பொட்டு வளையம் போட்டேன்."

"அப்புறம்?"

"ஒரு அம்மா அதைப் பாத்துட்டு வீட்டுக்குள்ள ஓடுனாங்க. ஒன்னோட வட்டிலைத் தூக்கிட்டு வந்தாங்க. அது கைமாறி அந்தத் தீவு வரைக்கும் போயிருக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாங்க. கட்டை அவுத்துட்டு, அந்த வட்டில்லயே எனக்குச் சோறு போட்டாங்க. இவ்வளவு தூரம் வர்ற படகு கட்டி முடிக்கத்தான் ரெண்டு வருஷம் ஆயிடுச்சு."

குவிரன் எழுந்து போய், அந்தப் படகுக்காரர்கள் கால் கழுவத் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றினான். பிறகு உள்ளானைத் தேடிப் போய்க் குனிந்து கும்பிட்டான். "அன்னைக்கு ஒன்னைக் கடிஞ்சு பேசுனேன். ஒன்னாலதான் என் தம்பி உயிரோட வந்தான்," என்றான். உள்ளானுக்குக் கூச்சமாகிவிட்டது. "பசிக்குக் கொத்துனது ஐயா," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் ஓரமாக ஓடிப்போய்ச் சேற்றைக் கொத்தத் தொடங்கியது.

அந்த வாடைக்குப் பிறகுதான் துறைமுகத்துக் குயவர்கள் எல்லோரும் வட்டிலின் நடுவே பொட்டு வளையம் போட்டார்கள். இந்தக் கரையில் தோண்டினாலும் அந்தக் கரையில் தோண்டினாலும் ஓட்டுத் துண்டில் அது தெரிகிறது. எவர் வீட்டுப் பிள்ளை எந்தக் கரையில் ஒதுங்கினாலும், அவனுக்கும் ஒரு வாய் சோறு கிடைக்கட்டும் என்று போட்டது அது.