நாலு பேர் சுமந்த வீக்கம்

கோணப்பட்டி வெங்காய மண்டியில் மூட்டை தூக்கும் நால்வருக்கும் சட்டம் ஒன்றே ஒன்று: எந்தப் பாரமும் ஒருத்தன் தலையில் மட்டும் ஏறக்கூடாது. எல்லாம் நாலு பங்கு. மூளையை மட்டும் பிரித்தபோது ஆளுக்குக் கால் பங்குகூடத் தேறவில்லை, பாவம்.

நால்வரில் இளையவன் சன்னாசிக்கு ஒருநாள் வலது விரை வீங்கிவிட்டது. தொட்டால் உயிர் போனது, ஒன்றுக்குப் போனால் எரிந்தது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லாமல் காலை அகட்டி அகட்டி நடந்தான். நடை ஒத்துப்போகாவிட்டால் பாரம் சாயுமே என்று மற்ற மூவரும் அகட்டியே நடந்தார்கள். மூன்று நாள் மண்டியே ஒதுங்கி வழிவிட்டது.

நாலாம் நாள் காய்ச்சலும் வரவே, நால்வரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "விரைக்குப் பின்னால சுருண்டு கிடக்கிற குழாய்ல கிருமி புகுந்திருக்கு. பத்து நாளைக்கு மாத்திரை, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. வலி போனாலும் நிறுத்தாதீங்க. பாரம் தூக்கக் கூடாது. படுத்துக்கிட்டு, அடியில துண்டைச் சுருட்டி வச்சுத் தூக்கி வைங்க. வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க, சோதிச்சிரலாம். ஒழுங்கா முடிச்சா குழந்தை பிறக்கிறதுக்குத் தடை இருக்காது. அரைகுறையா விட்டா நான் பொறுப்பில்ல."

குழந்தை என்றதும் சன்னாசி கையெடுத்துக் கும்பிட்டான். கல்யாணமாகி மூன்று வருஷம். அவனும் செண்பகமும் வேண்டாத சாமி இல்லை.

மண்டிக்கு வந்ததும், நால்வரில் மூத்தவனான மேஸ்திரி தாண்டவன் மாத்திரை அட்டையைத் தராசில் வைத்தான்.

"முள்ளு அசையலயே அண்ணே," என்றான் இருளாண்டி.

"இன்னும் உள்ள போகலல்லடா? போனாத்தான் வேலை செய்யும். அப்பக் கனக்கும். அவன் பாரம் சுமக்கக் கூடாதுன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க."

"நோவு எனக்குத்தானே அண்ணே?" என்று இழுத்தான் சன்னாசி.

"நோவு உனக்கு, சுமை எங்களுக்கு. பின்ன நாங்க எதுக்குடா இருக்கோம்?"

சன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிக் கூட்டாளிகள் யாருக்குக் கிடைப்பார்கள்!

மூவரும் வேளை தவறாமல் ஆளுக்கொரு மாத்திரை விழுங்கினார்கள். தூக்கி வைக்கச் சொன்னபடியே, பன்னிரண்டு மூட்டை உயரத்தில் சன்னாசியைத் தூக்கி வைத்தார்கள். நாலாம் நாள் காலையில் மாத்திரை தீர்ந்தது. வீக்கம் மாங்காயாகிவிட்டது.

"மாத்திரை சரியாப் போட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணுகூட விடலம்மா," என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

விஷயம் வெளிவந்ததும் டாக்டரம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். ஊசி போட்டு, புது மாத்திரை கொடுத்து, "இனிமே இவர் வாயைத் தவிர எந்த வாய்க்குள்ளயும் ஒண்ணும் போகக்கூடாது!" என்று கத்தினார். மூவரும் அன்றே சோறு தண்ணியை விட்டார்கள். மறுநாள் செண்பகம் கரண்டியை ஓங்கிய பிறகுதான் வாய் திறந்தார்கள். அவளே பக்கத்தில் நின்று, பத்து நாளும் புருஷனை மாத்திரை விழுங்க வைத்தாள். வீக்கம் வடிந்தது.

ஆறு மாதம் கழித்து, செண்பகம் முழுகாமல் இருக்கும் சேதி மண்டிக்கு வந்தது. சன்னாசி சந்தோஷத்தில் அழுதேவிட்டான். அன்று சாயங்காலமே நால்வரும் தலையில் சும்மாடு கட்டிக்கொண்டு அவன் வீட்டு வாசலில் வரிசையாக வந்து நின்றார்கள்.

"தங்கச்சி," என்றான் மேஸ்திரி, "ரெண்டு மாசம் ஒத்தையாச் சுமந்துட்ட. போதும். மிச்சம் எட்டு மாசம், ஆளுக்கு ரெண்டு. முதல் முறை என்னுது." சொல்லிவிட்டு வாகாகக் குனிந்தான். "மெதுவா ஏத்திவிடும்மா."