மணலில் உட்கார்ந்த சாமியார்

"மன்னிச்சாச்சு சாமி. அதுக்கு மேல நான் என்ன செய்யணும்?"

மாதா கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் கஸ்பாருக்கு நல்ல கோபம். கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த எட்வின் சாமிக்கு அவர் அப்பா வயது. குருப்பட்ட எண்ணெய் இன்னும் கையில் காயாத பிள்ளை தன்னிடம் கேள்வி கேட்கிறதே என்ற கோபம். ஆனாலும் குரு குருதான். கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றார்.

விஷயம் சப்பரம் தூக்குகிற தொம்மையைப் பற்றியது.

எங்கள் ஊரில் திருவிழாக் கொடி ஏறிவிட்டால், மாதா சிலை வைத்த சப்பரத்தைத் தூக்குகிறவன் புளித்த மோரைக்கூடத் தொடமாட்டான். போன வருடம் தொம்மை குடித்துவிட்டுத் தூக்கினான். பாதி வழியில் கால் மடங்கியது. சப்பரம் சாய்ந்து, மாதாவின் கிரீடம் மணலில் உருண்டது.

பிறகு அவன் பழைய சாமியாரிடம் குற்றத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தான். தவக்காலத்தில் குடியை விட்டான். இன்றுவரை தொடவில்லை. பூசையில் எல்லோர் முன்பும் கஸ்பார் அவனைக் கட்டிப்பிடித்து, மன்னித்தேன் என்று சொன்னார். ஊரே அழுதது. கஸ்பாரும் நன்றாகவே அழுதார்.

இன்று மறுபடியும் திருவிழா. சப்பரத்துக்கு ஆள் சொல்வது உபதேசியார் பொறுப்பு. தொம்மையின் பெயரை அவர் சொல்லவில்லை.

தொம்மை காலையிலிருந்து வெளுத்த வேட்டியோடு கொடிமரத்தடியில் நிற்கிறான். கோயிலுக்குள்ளும் வரவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. அவனை விட்டுவிட்டுச் சப்பரம் கிளம்பினால், அவன் கால் எந்தக் கடையைத் தேடும் என்பது ஊருக்கே தெரியும்.

சாமியாருக்கும் தெரியும். அதனால்தான், தொம்மையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்.

"சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா சாமி?" என்றார் கஸ்பார். "அவன் மறுபடி விழுந்தா மாதாவுக்குல்லா அவமானம்."

சாமியார் கோயில் வாசலுக்கு வந்தார். படியிறங்கி நடந்தார். கஸ்பார் பின்னாலேயே போனார்.

மணலுக்கு வந்ததும், சாமியார் வெள்ளை அங்கியோடு பொத்தென்று விழுந்தார்.

கஸ்பார் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

"தூக்க வேண்டாம்," என்றார் சாமியார். "விழுந்ததை மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க. போதும்."

"என்ன சாமி இது, ஊர் பாக்குது."

ஊர் பார்க்கத்தான் செய்தது. பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். பேண்டு வாசிக்கிறவர்கள் பாட்டைப் பாதியில் நிறுத்தினார்கள். சப்பரம் கிளம்ப வேண்டிய மணியும் அடித்துவிட்டது.

"மன்னிச்சீங்களா?"

"மன்னிச்சேன் சாமி. கையைப் பிடிச்சு எந்திரிங்க."

"ரொம்ப சந்தோசம்." சாமியார் மணலில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார். "நீங்க போயி செபமாலையை ஆரம்பிங்க, உபதேசியாரே. நான் இப்படியே கிடக்கேன்."

கஸ்பார் நீட்டிய கையோடு நின்றார். முகம் சிவந்தது. பிறகு கண் கலங்கியது. கட்டிப்பிடித்து அழுத நாளுக்குப் பிறகு, தொம்மையின் வீட்டு வாசலை அவர் ஒருநாளும் மிதிக்கவில்லை.

கையை மெல்ல இழுத்துக்கொண்டு, கொடிமரத்தை நோக்கி நடந்தார்.

சாமியாரை யாரும் தூக்கிவிடவில்லை. அவரே எழுந்து, அங்கியைத் தட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

கொடிமரத்தடியில் தொம்மை தலை குனிந்து நின்றிருந்தான்.

"வாலே. தோள் குடு. நேரமாச்சு."

தொம்மை அசையவில்லை. தன் கால்களையே பார்த்தான்.

"மறுபடி விழுந்துட்டேன்னா, அய்யா?"

கஸ்பார் எந்தத் திருவிழாவிலும் சப்பரத்துக்கு வெகு முன்னால், மைக்கைப் பிடித்துச் செபம் சொல்லிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடப்பவர். அந்த மைக்கை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"மைக்கை வேற யாராவது பிடிக்கட்டும்," என்றார். "நான் உன் பக்கத்துல வாரேன்."