ஆமையார் சோதித்த கல்

ஏரிக்கரைக் கருவேலமரத்தில் மாரப்பன் என்று ஒரு தூக்கணாங்குருவி இருந்தான். அவனுக்குக் கூடுகள் நிறைய இருந்தன. குடியிருக்கத்தான் ஒன்றுமில்லை.

ஒரு கிளையில் வெறும் முடிச்சு தொங்கியது. இன்னொன்றில் ஒரு வளையம். ஒன்றுக்கு வாசல் மட்டும் முடிந்திருந்தது. அதற்குள் நுழைந்தால் உடனே வெளியே வந்துவிடலாம். நார் கொண்டுவரப் போவான். வழியில் தட்டான் பறக்கும். அதன் பின்னால் போய்விடுவான். திரும்பும்போது வாயில் நாரும் இருக்காது, எதற்குப் போனோம் என்ற நினைப்பும் இருக்காது. அடுத்த கிளையில் புதிதாக ஒரு முடிச்சுப் போடுவான். இப்படியே தலை மஞ்சள் வெளுக்கிற வயது வந்துவிட்டது.

தூக்கணாங்குருவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆண் பாதிக் கூடு கட்டவேண்டும். பெண் வந்து தொங்கிப் பார்ப்பாள், இழுத்துப் பார்ப்பாள். பிடித்திருந்தால் தங்குவாள். மீதிப் பாதி அதற்கு அப்புறம்தான். மாரப்பன் ஒரு மழைக்கும் அந்தப் பாதியை எட்டியதில்லை.

அந்த ஆண்டு பூவாத்தாள் என்ற பெண்குருவி வந்தாள். போன மழையில் அவளுடைய முட்டைகள், ஓர் அலட்சியக்காரன் கட்டிய கூட்டோடு ஏரிக்குள் போயிருந்தன. அதனால் மாரப்பனின் முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் கொத்தி இழுத்தாள். ஒன்றுகூட அவிழவில்லை.

"முடிச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. அப்புறம் ஏனுங்க மேல கட்டலை?"

"தெரியலைங்க. கட்டத்தான் போனேன்."

பூவாத்தாள் இன்னொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தாள். "இது குறைன்னா பரவாயில்லை, கூட இருந்து சமாளிச்சுக்கலாம். அலட்சியம்னா எனக்கு ஆகாது. எதுன்னு கேட்டுட்டு வாங்க. முதல் மழைக்குள்ள சொல்லிப்போடணும்."

கேட்கவேண்டிய இடம் ஒன்றுதான். ஏரியின் மறுகரையில் புங்கமரத்தடியில் ஆமையார் உட்கார்ந்திருந்தார். கவனம் சிதறுகிற குறை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று சோதித்துச் சொல்வது அவர் வேலை. மாரப்பன் புறப்பட்டபோது கூட்டத்துக் குருவிகள் சிரித்தன. அதெல்லாம் குஞ்சுகளுக்குப் பார்க்கிறது, கிழட்டு வயசில் இவனுக்கென்ன சோதனை என்றன.

ஆமையாரின் வரிசை ஏரிக்கரையோடு நீண்டு கிடந்தது. அவர் ஒரு கேள்வி கேட்டு முடிப்பதற்குள் நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்விடும். வரிசையில் எருமை நின்றது. அதற்கு முன்னால் நத்தை, அதற்கும் முன்னால் மலைப்பாம்பு. அவர்களுக்கு அங்கே நிற்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. குறை என்னவென்று கேட்டால்தான் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மாரப்பன் எருமைக்குப் பின்னால் நின்றான். ஒரு தட்டான் வந்தது. போய்விட்டான். திரும்பி வந்தால் வரிசையில் இடம் இல்லை, மறுபடி கடைசி. இப்படியே பலமுறை நடந்தபிறகு எருமைக்கு மனசு பொறுக்கவில்லை.

"ஏப்பா, எல்லாரும் பண்றதை நீயும் பண்ணேன். கல்லைப் போட்டுட்டுப் போ."

அது அந்த ஏரியின் வழக்கம். வரிசையில் கல்லை வைத்துவிட்டுப் போனால், ஆள் நிற்பதாகவே கணக்கு. யாரும் தாண்டமாட்டார்கள். எருமையே தன் குளம்பால் ஒரு கல்லைத் தனக்கு அடுத்தாற்போல் தள்ளி வைத்தது. பார்த்துக்கொள்வதாகவும் சொன்னது. மாரப்பன் நன்றி சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பனையோலை ஒன்று காற்றில் ஆடியதைப் பார்த்துவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை எருமைதான் அவனுக்குச் சொன்னது. எருமையைச் சோதித்து அனுப்பியதும், வரிசையின் முனையில் காவல் நின்ற கொக்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டது. அடுத்த ஆள் கல். அது மாரப்பன் என்று எருமை சொல்ல, கொக்கு அதை உருட்டிக்கொண்டுபோய் ஆமையார் எதிரில் வைத்தது.

உட்கார்ந்த இடத்தில் இருக்கமுடியுமா என்று ஆமையார் கேட்டார். கல் உட்கார்ந்திருந்தது. பிறர் பேசும்போது குறுக்கே பேசும் பழக்கம் உண்டா என்றார். கல் குறுக்கே பேசவில்லை. எடுத்த வேலையைப் பாதியில் விடுவாயா என்றார். கல் எந்த வேலையையும் எடுத்ததில்லை, ஆகவே விட்டதும் இல்லை. ஆமையாருக்கு ஒரே பரவசம். இவ்வளவு கவனமாகக் கேட்கும் பிராணியைத் தன் ஆயுளில் கண்டதில்லை என்றாராம்.

தீர்ப்பு மாரப்பனுக்கு முன்பே கருவேலமரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மாரப்பனுக்குக் குறை ஒன்றுமில்லை. கவனம் முழுசாக இருந்தும் கூடு கட்டவில்லை என்றால் அதற்குப் பெயர் திமிர்.

மாரப்பன் அலறிக்கொண்டு புங்கமரத்தடிக்குப் பறந்தான். "என்னை எப்போங்க பார்த்தீங்க? நான் இங்கே இல்லவே இல்லையே."

"உன் கல் இருந்தது."

"கல்லு நானா?"

"வரிசையில் இத்தனை நேரம் அந்தக் கல் நீதானே? அப்போது ஒத்துக்கொண்டாய். தீர்ப்பு பிடிக்கவில்லை என்றதும் கல் வேறு, நீ வேறா?"

வரிசை முழுவதும் தலையாட்டியது. நியாயம்தானே என்றது, சோதனை முடிந்தும் நகராமல் கிடந்த மலைப்பாம்பு. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. இனி எந்த முகத்தோடு பூவாத்தாளிடம் போவது?

போகவேண்டியிருக்கவில்லை. தீர்ப்பைக் கேட்டு அவளே வந்து கிளையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆமையாரே, அவர் உங்க முன்னால எப்படி இருந்தாருங்க?"

"ஆடவில்லை, அசையவில்லை. மூன்று கேள்விக்கு மூன்று நாள், காலையிலிருந்து மாலை வரைக்கும்."

பூவாத்தாள் கிளையிலிருந்து விழப்பார்த்தாள். அவ்வளவு சிரிப்பு. பிறகு, இதுவரை எத்தனை பேருக்கு இந்தக் குறையைக் கண்டீர்கள் என்று கேட்டாள்.

"ஒருவருக்கும் இல்லை," என்றார் ஆமையார், ஓட்டை நிமிர்த்திக்கொண்டு. "இந்தக் காட்டிலேயே இல்லாத குறை அது."

அவருக்குப் பின்னால், 'குறை இல்லை' என்று சோதித்து ஒதுக்கிய கற்கள் அடிமரத்தின் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. அணிலின் கல், கிளியின் கல், குரங்குகளின் கற்கள். யாரும் திரும்பி வந்து எடுத்ததில்லை. பூவாத்தாள் அந்தக் குவியலைப் பார்த்தாள். மாரப்பனையும் பார்த்தாள். அவன் அழுதுகொண்டே ஒரு தட்டானைக் கண்ணால் பின்தொடர்ந்துகொண்டிருந்தான்.

"எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சுபோச்சு. வாங்க போகலாம்," என்றாள்.

அன்றே வேலை தொடங்கியது. அவன் கிளையைவிட்டு நகரக்கூடாது, நாரை அவள்தான் கொண்டுவருவாள் என்று ஏற்பாடு. அவன் கண் எங்காவது போனால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். கூட்டம் கொதித்தது. பெண் நார் சுமப்பதாவது, வழக்கம் என்ன ஆவது என்று கேட்டது.

"போன வருசம் வழக்கப்படித்தான் கட்டினாங்க. முட்டையெல்லாம் ஏரிக்கடியில கிடக்கு. போய்க் கேட்டுட்டு வாங்க," என்றாள் அவள்.

கூடு முடிந்து, குஞ்சு பொரித்தபிறகு பெருமழை வந்தது. அடித்த காற்றில் கூடு ஊஞ்சலாடியது, அவிழவில்லை. உள்ளே குஞ்சுகள் நனையாமல் தூங்கின.

ஆமையார் இன்னும் அங்கேதான் உட்கார்ந்து கல் சோதிக்கிறார். மாரப்பனுக்குத் தன் குஞ்சுகளின் பெயர்கூடச் சில நாள் மறந்துபோகும். ஆனால் விடிந்ததும் ஏரியைத் தாண்டிப் பறந்து, ஆமையார் ஓட்டின் நடுமையத்தில் குறி தவறாமல் எச்சமிட்டுவிட்டு வர மட்டும் அவன் ஒருநாளும் மறந்ததில்லை.

நிற்கமுடியாதவனின் குறையை நிற்கவைத்தே அளப்பவன், கல்லைத்தான் அளப்பான், ஆளை அளக்கமாட்டான்.