முதல் பூச்சு

"நேத்து படகு கன்னம் மாதிரி வழவழன்னு இருந்துச்சு. பெயிண்டுக்கு முந்தி நீ பூசச் சொன்ன சீலரைப் பூசினேன். இப்ப முள்ளு முள்ளா நிக்குது," என்றார் கஸ்பார்.

பிலோமி தலை தூக்கவில்லை. தூத்துக்குடியில் கோயில் நேர்ச்சைக்கு மரத்தில் சின்னப் படகுகள் செய்பவள் அவள். கஸ்பாருக்கு அவளைவிட இருபது வயது கூட. மூன்று மாதமாக அவளிடம் வேலை கற்கிறார்.

ஒரே ஒரு படகுக்காக.

ஒன்பது வருடத்துக்கு முன் அப்பாவின் வள்ளத்தைத் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விறகுக்கு உடைத்தவர் அவர். அன்றிலிருந்து தம்பி சிலுவை அவரோடு பேசுவதில்லை. அதே வள்ளத்தை முழ நீளத்தில் செய்து, திருவிழாவுக்குள் தம்பி கையில் கொடுக்க வேண்டும். நான்கு நாள்தான் இருந்தது.

அவரால் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனார், வந்தார். பெயிண்ட் டப்பாவைத் திறந்தார், மூடினார். பிரைமர்கூட வேண்டாம், நேரே நீலத்தை அடித்துவிட்டால் முள் தெரியாது என்றார்.

கைக்குத் தெரியும் என்றாள் பிலோமி.

"அப்ப சீலரே பூசாம இருந்திருக்கலாம்."

"முள்ளு நீலத்துக்கு அடியில எழும்பியிருக்கும், அண்ணாச்சி."

பெயிண்ட் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு அவராகவே சொன்னார். முந்தின நாள் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். பேச்சை எடுத்ததும், உடைத்தவன் நீதானே என்று சிலுவை எழுந்துவிட்டான். ஒன்பது வருடம் சும்மா கிடந்ததைத் தானே போய்க் கிளப்பிவிட்டதாகச் சொன்னார். இனிப் போவதில்லை, படகை யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்றார்.

பிலோமி படகை அவர் முன் நகர்த்தினாள்.

"தடவிப் பாருங்க. இந்த முள்ளு சீலர்ல இருந்ததா?"

கஸ்பார் தடவினார். வெகுநேரம் தடவினார்.

"மரத்துல இருந்தது."

தேய்ந்த உப்புத்தாள் ஒன்றைக் கொடுத்து, அழுத்தாமல் தேய்க்கச் சொன்னாள். முள்ளெல்லாம் மாவாக உதிர்ந்தது.

"அடுத்த பூச்சுலயும் எழும்புமா?"

"எழும்பும். இவ்வளவு இருக்காது."

"அதுக்கடுத்து?"

அவள் சீலர் டப்பாவைத் திறந்து வைத்தாள்.

இரண்டாவது பூச்சைப் பூசி முடித்தார். உள்பக்கமும் விடவில்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளைத் தம்பி தெருப் பக்கம் திருப்பினார்.

"படகு இல்லாமலா?" என்றாள் பிலோமி.

"அது காயட்டும்."