திக்கித் திக்கிப் பேசிய குரல்

"டீச்சர், வெட்டாம முழுசா அனுப்புறது தப்பா?"

கேட்ட அருளப்பனுக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. டீச்சர் ஹாஜிராவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. கம்ப்யூட்டரை உள்ளிருந்து நடத்தும் கர்னல் என்ற புரோகிராமை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

அருளப்பனுக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டரின் குரல்தான் அவருக்குப் படித்துச் சொல்ல வேண்டும்.

மெமரி நிறைந்தால் அந்தக் குரல் திக்கும். மெமரியில் தகவல்கள் 'பக்கம்' பக்கமாக இருக்கும். அப்போதைக்குத் தேவைப்படாத பெரிய பக்கங்களைக் கர்னல் துண்டு துண்டாக வெட்டி டிஸ்க்குக்கு அனுப்பும். வெட்டி முடிக்கும்வரை குரலுக்குத் திண்டாட்டம்தான்.

"எவனோ கசாப்புக்கடைக்காரன் எழுதியிருக்கான்" என்று திட்டிக்கொண்டே, வெட்டச் சொல்லும் வரிகளைக் கர்னலிலிருந்து அருளப்பன் அழித்தார். பக்கத்தை முழுசாக அனுப்பும்படி எழுதினார்.

குரல் தங்குதடையில்லாமல் ஓடியது. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டாத குறைதான்.

இன்று காலை பாதி வார்த்தையில் நின்றது. திரும்ப வரவே இல்லை. அருளப்பனுக்கு உலகமே அணைந்துபோன மாதிரி இருந்தது. டீச்சரை வீட்டுக்கு வரவழைத்தார்.

"டிஸ்க்ல இடம் நெறைய இருக்கு டீச்சர். அப்புறம் ஏன் நின்னுச்சு?"

ஹாஜிரா அடுக்களையில் கிடந்த பலாப்பழத்தைத் தூக்கிவந்து அவர் மடியில் வைத்தாள்.

"இதை ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சிட்டு வாங்கண்ணே."

அவர் தட்டுத் தட்டாகத் தடவிப் பார்த்தார். மேல்தட்டில் கையகலம் இருந்தது. நடுவில் இரண்டு டப்பாக்களுக்கு இடையே கொஞ்சம் இருந்தது. கதவோரம் இன்னும் கொஞ்சம்.

"இடம் இருக்கு டீச்சர். ஆனா..."

"ஆனா?"

"அங்கங்க இருக்கு."



அருளப்பன் கையை நீட்டினார். "கத்தி குடுங்க."

"எண்ணெய் தடவிக்கிட்டு வெட்டுங்கண்ணே."

சுளைகள் எல்லாம் உள்ளே போயின. ஒன்று மட்டும் அவர் வாய்க்குள் போனது.

மத்தியானம், ஹாஜிரா பக்கத்தில் இருந்து படித்துக் காட்ட, அழித்த வரிகளைத் தன் வரிகளுக்குக் கீழே திரும்பச் சேர்த்தார். இனி கர்னல் பக்கத்தை முதலில் முழுசாக அனுப்பும். ஒரே இடமாகக் கிடைக்காவிட்டால் வெட்டும்.

டிஸ்க்கில் அங்கங்கே மட்டும் இடம் விட்டு ஓட்டிப் பார்த்தார்கள்.

குரல் திக்கியது. நிற்கவில்லை.

அருளப்பன் கம்ப்யூட்டரைத் தடவிக்கொடுத்தார். "இத்தனை வருஷமா இதையா டீச்சர் திட்டினேன்?"

பிறகு கேட்டார்: "பழைய வரியை எழுதினது யாரு? நன்றின்னு பேர் போடணும்."

"உங்க கம்ப்யூட்டரையே கேளுங்க. எந்த வரியை யார் எழுதினாங்கன்னு அதுல பதிவாகியிருக்கும்."

குரல் ஏதோ தூரதேசத்துப் பெயரைப் படிக்கத் தொடங்கியது. நீளமான பெயர். எழுத்துக்கு எழுத்து திக்கியது.

பெயர் முடியும்வரை அருளப்பன் கைகூப்பியபடி காத்திருந்தார்.